அம்பு முனையா, வெறும் சில்லா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிக்கரையிலோ, புதிதாக உழுத கொல்லையிலோ கூரான கல் ஒன்று அகப்பட்டால், பார்த்தவர் வாயில் முதலில் வருவது 'அம்பு முனை' என்பதுதான். பெரும்பாலும் அது அம்பு முனையாக இருக்காது. உள்ளங்கையை நிறைக்கிற கல்லை அம்பில் கட்டினால், அம்பு வில்லை விட்டுக் கிளம்புவதே பெரிய காரியம். கல் பார்க்கத் தெரிந்தவர் முனையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

அங்கே விரல் நகத்தைவிடச் சிறிய தட்டையான மேடை ஒன்று இருக்கும். சுத்தியல்கல் விழுந்த இடம் அது. அதற்கு நேர் கீழே, கல்லின் உட்புறத்தில் லேசான புடைப்பு. அந்தப் புடைப்பிலிருந்து, குளத்தில் கல் விழுந்தாற்போல விரிந்து போகும் மெல்லிய அலைகள். மறுபக்கம் திருப்பினால், இதற்கு முன் பெயர்ந்த சில்லுகள் விட்டுப்போன தழும்புகள். எந்தத் தழும்பு எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று கவனித்தால் அடிகள் விழுந்த வரிசை தெரிந்துவிடும். முதல் அடி எங்கே, கடைசி அடி எங்கே, எந்த இடத்தில் கல் சொன்னபடி கேட்கவில்லை என்பதுவரை அதில் பதிந்திருக்கிறது. ரசனை என்பது இந்தத் துறையில் இந்த வரிசையை வாசிப்பதுதான். அழகான வடிவத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் பாதி இன்பத்தை இழந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரஷரில் உடைந்த ஜல்லியிலும் இப்படிப் புடைப்பு தென்படும். டிராக்டர் கொழு பட்ட கூழாங்கல்லிலும் சில்லு தெறிக்கும். ஆனால் கருவியின் விளிம்பில் சின்னச் சின்னச் சில்லுகள் ஒரே திசையில், ஒரு நோக்கத்தோடு அடுக்காகப் பெயர்ந்திருக்கும். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. உடைந்த முகத்தின் நிறமும் உதவும்: நேற்று உடைந்தது பளிச்சென்று இருக்கும், பழையது மேல்தோலோடு சேர்ந்து மங்கியிருக்கும்.

அடுத்தது கல்லின் ஜாதி. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் பாறை கட்டடத்துக்கு உகந்தது; சொரசொரப்பான மணிகள் கொண்டதால் மெல்லிய விளிம்பு அதில் நிற்காது. அன்றைய கைவினைஞர்களுக்குப் பிடித்தது குவார்ட்சைட் கூழாங்கல். 1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கண்டெடுத்த கருவியும் குவார்ட்சைட்தான். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அப்போது பல்லாவரமும் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். அங்கே கிடைத்தவை அம்பு முனைகள் அல்ல. கனமான கைக்கோடாரிகள், இருபுறமும் செதுக்கி ஒரு முனையைக் கூராக்கியவை.

அந்தக் கைக்கோடாரிகளுக்கு வயது சொல்ல ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட கணக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். கல் மண்ணுக்குள் புதைந்தபின் அதன் குவார்ட்ஸில் இருக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. எஞ்சிய விகிதத்தை வைத்துப் புதைந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். 2018இல் அதே இடத்தின் மேலடுக்குகளுக்கு ஏறக்குறைய 3,85,000 முதல் 1,72,000 ஆண்டு வரை வயது கிடைத்தது. அந்த அடுக்குகளில்தான் கைவேலை மாறுகிறது. பெரிய கோடாரி பின்வாங்குகிறது. மூலக்கல்லை முன்கூட்டியே ஆமையோடு போலச் செதுக்கித் தயார்செய்து, ஒரே அடியில் விரும்பிய வடிவில் சில்லு பெயர்க்கும் லெவல்வா முறை வந்துவிடுகிறது. வேலையெல்லாம் முன்னதாகவே முடிந்துவிடும். கடைசி அடி வெறும் கையெழுத்து. இந்தக் கலையில் ஆகச் சிறந்த கட்டம் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

அப்படியானால் உண்மையான அம்பு முனை எப்படி இருக்கும்? நகத்தளவு. தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் போன்ற ஊர்களின் செம்மணல் தேரிகளில் பிறை வடிவ, முக்கோண நுண்கருவிகள் கிடைத்தன. வெங்கச்சங்கல்லிலும் பழுப்பு நிறச் செர்ட்டிலும் செய்தவை. தேரி மணலின் சிவப்பு அவற்றில் ஏறியிருந்தது. இரண்டு முகமும் செதுக்கிய கூர்முனைகளும் அவற்றுள் உண்டு. தட்டாமல், எலும்பு போன்ற ஒன்றால் அழுத்தி அழுத்திச் சில்லு எடுக்கிற நுணுக்க வேலை அது. 1956இல் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் இவற்றை ஆராய்ந்து, பழைய கடல் மட்டத்தை வைத்து சுமார் 6,000 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் இதே குடும்பத்து நுண்கருவிகள் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் 35,000 ஆண்டுக்குப் போகின்றன. இலங்கையின் ஃபாஹியன் குகையில் 48,000 ஆண்டுப் பழைய எலும்பு முனைகளை வில்லம்பின் சான்றாக 2020இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அங்கே கூர்முனை கல்லே இல்லை, குரங்கு வேட்டைக்கான எலும்பு. ஆகவே வடிவம் ஒரு வரம்பைத்தான் சொல்லும். பிறை வடிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'இது இத்தனை ஆயிரம் ஆண்டு' என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

வயது மண்ணில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் தோண்டியபோது, சங்க கால எச்சங்கள் கிடைத்த அடுக்குகளுக்குக் கீழே கற்கருவிகள் வந்தன. சுமார் 12,000 ஆண்டு என்று அகழ்ந்தவர்கள் அறிவித்தார்கள். அதே கருவி ஒன்று வரப்பில் தனியாகக் கிடந்திருந்தால் அந்த எண்ணைச் சொல்ல எவருக்கும் துணிவு வந்திருக்காது.

எனவே கண்டதும் எடுத்துக் கழுவுவது உசிதமல்ல. பிரஷ் தேய்த்தால் விளிம்பில் ஒட்டிய பிசினும், பயன்படுத்திய தேய்மானமும் போய்விடும். கிடந்த நிலையிலேயே பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, சுற்றி உள்ளது சரளையா, கரம்பையா, ஏரி வண்டலா என்று குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்வதே முறை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை.