32 கேபி பெட்டி

சுண்ணாம்புக்குளத்துக்காரர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு அந்தப் பக்கம்தான். 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, கம்ப்யூட்டர் அந்த ஏவுதள வேலிக்குள் இருக்கும் சங்கதி. பள்ளிப் பிள்ளைகளின் விரலுக்கு அது எட்டியது 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில். தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ.

என்ன அழகான பெட்டி! வெளிறிய உடம்பு, கறுப்பு விசைகள், மேல்வரிசையில் மட்டும் செந்நிறத்தில் பத்து. ஸ்விட்சைப் போட்டதும் இரட்டைத் தொனியில் ஒரு 'பீப்'. பேசிக் மொழி ரோம் சில்லிலேயே இருந்ததால் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே நிரல் எழுதலாம். அந்த பேசிக்கை எழுதிய சோபி வில்சன்தான் பின்னாளில் ஆர்ம் சில்லின் கட்டளைத் தொகுதியையும் வகுத்தார். நம் கைபேசிகளுக்குள் இருப்பது அதன் வாரிசு.

வரி எண்களை 10, 20, 30 என்றே போடுவோம். விட்டுப்போன வரியை 15-இல் செருகலாமே! இடம் போதாவிட்டால் வரி எண்களை மாற்றிப் போட 'ரீநம்பர்' கட்டளை. தப்பாகத் தட்டினால் 'மிஸ்டேக்' என்று வாத்தியார் போலச் சொல்லும், வரி எண்ணோடு. மொத்த நினைவகமே 32 கேபி. எட்டு வண்ணமும் வேண்டுமென்றால் திரைக்கே 20 போய்விடும். மிச்சத்தில் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் மாறியின் பெயரில்கூட எழுத்தை எண்ணுவோம். அந்தச் சிக்கனத்தில் ஒரு கைத்திறன் இருந்தது; அதை நான் மனதார மதிக்கிறேன்.

இன்று இணைய உலாவியிலேயே அந்தப் பெட்டியை ஓட்டலாம். 'மூவ்', 'ட்ரா' என்ற இரண்டு கட்டளைகளை மட்டும் வைத்து ஒரு பாய்மரப் படகு வரைந்து பாருங்கள்.