எண்ண மறந்த ஒருவர்

தியாகராய நகர்ப் பேருந்திலும் மயிலைக் கடைவீதியிலும் நாளும் நம் செவியில் விழும் வசைச்சொல் 'லூசு'. தளர்ந்தது எனப் பொருள்தரும் ஆங்கிலச் சொல், மனிதனைத் திருகாணி கழன்ற இயந்திரமாகக் காட்டும் இகழ்ச்சியாய் இங்கு வேரூன்றிவிட்டது. தோழியரிடையே செல்லமாக ஒலிக்கும் அதுவே, மனநோயுற்றவர்மீது விழுகையில் கல்லாகிறது.

மெரினாவில் 1968-இல் சிலையாக எழுந்த வீரமாமுனிவர் (1680–1747), 'பரமார்த்த குருவின் கதை'யில் சீடர் ஐவருக்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனப் பெயரிட்டார். 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிய இந்நூலை வெறும் நகைச்சுவை என ஒதுக்குவது முறையன்று. ஆற்றைக் கடந்தபின் எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுகிறார். ஒருவரை ஆறு விழுங்கியதென்று எல்லோரும் அழுகின்றனர். அறிவிலிகளைக் கணக்கிடும்போது நாமும் அவ்வாறே நம்மை விட்டுவிடுகிறோம். முனிவரோ விடவில்லை. 'மிலேச்சன்' என்பது அயலாரை இகழும் சொல். இத்தாலியிலிருந்து வந்தவர் தம்மீதே எறியத்தக்க சொல்லைப் பேதையர் வரிசையில் வைத்தார். அந்நகைப்பில் நஞ்சில்லாமைக்கு இதுவே காரணம் என்போம்.

சகோதரனை அறிவிலி என்று இகழ்வதை ஆண்டவர் கொலையைப் பற்றிய கட்டளையோடு சேர்த்தே கண்டித்தார் (மத் 5:21-22). அச்சொல் நம் நாவில் எழுகையில், எண்ணிக்கையை நம்மிலிருந்தே தொடங்குவோம்.