அடிமைப்பட்ட சித்தமும் அழைக்கும் அருளும்
எராஸ்மஸ், லூத்தர் நூல்களைக் குறித்து ஒரு திறனாய்வு

கடவுளின் அருட்செயலும் மனித சித்தத்தின் சுயாதீனமும் எவ்வாறு இயைந்து நிற்கின்றன என்னும் வினா, திருச்சபை வரலாற்றில் ஒருமுறை எழுந்து ஒரேயடியாகத் தீர்ந்துவிட்ட வினா அன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலாகியுவும், பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸும் லூத்தரும், பதினெட்டாம் நூற்றாண்டில் வெஸ்லியும் விட்ஃபீல்டும் இதைக் குறித்தே வாதிட்டனர். இவற்றுள் எராஸ்மஸ் 1524ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சித்தத்தின் சுயாதீனம்', அதற்கு மறுப்பாக லூத்தர் 1525ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சித்தத்தின் அடிமைத்தனம்' ஆகிய இரு நூல்களையும் இணைத்து வாசித்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதைப் பழைய வாதம் என்று ஒதுக்கிவிட இயலாததற்குக் காரணம் உண்டு. சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிவந்த நம்மில் பெரும்பாலோர் விசுவாசக் கோட்பாட்டில் லூத்தரோடு நிற்கிறோம். ஆனால் நம் பிரசங்க பீடங்களில் ஒலிப்பது பெரும்பாலும் எராஸ்மஸின் குரலே. 'மீட்பு முழுவதும் கிருபையே' என்று கற்பித்துவிட்டு, 'இனி எல்லாம் உங்கள் தீர்மானத்தில் இருக்கிறது' என்று முடிக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதை நாம் ஆய்ந்து அறிய வேண்டும்.

வாதம் எழுந்த சூழல்

எராஸ்மஸும் லூத்தரும் தொடக்கத்தில் பகைவர் அல்லர். எராஸ்மஸ் 1516இல் பாசல் நகரில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மறுபதிப்பே, லூத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மானிய மொழிபெயர்ப்புக்கு மூலமாய் நின்றது. வீழ்ச்சிக்குப் பின் மனித சித்தத்தின் சுயாதீனம் வெறும் பெயரளவே என்று லூத்தர் 1518இல் ஹைடல்பர்க் நகரில் அறிவித்தார். 1520இல் போப்பு பத்தாம் லியோவின் ஆணை கண்டித்த கூற்றுகளுள் இதுவும் ஒன்று. லூத்தர் பின்வாங்கவில்லை, யாவும் கடவுளின் சித்தப்படி இன்றியமையாது நிகழ்கின்றன என்று இன்னும் வன்மையாக எழுதினார். அக்கூற்றுக்கே எராஸ்மஸ் 1524 செப்டம்பரில் மறுப்பு எழுதினார். 1525 டிசம்பரில் லூத்தரின் மறுமொழி வெளிவந்தது. எராஸ்மஸ் மீண்டும் 1526, 1527 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக விடையளித்தார். லூத்தர் அதற்கு மறுமொழி எழுதவில்லை.

மற்றவர்கள் போப்பின் அதிகாரம், உத்தரிக்கும் தலம், பாவமன்னிப்புச் சீட்டு முதலியவற்றைப் பற்றிக்கொண்டிருக்க, எராஸ்மஸ் ஒருவரே உயிர்நிலையைத் தொட்டார் என்று லூத்தர் நன்றி கூறுகிறார். 1537இல் எழுதிய ஒரு கடிதத்தில், தம் நூல்களுள் இதனையும் ஞானோபதேசத்தையும் தவிர வேறு எதுவும் நிலைத்திருக்கத் தக்கதன்று என்னும் கருத்தை வெளியிட்டார். ஆகவே இந்நூலை ஒரு கோபக்காரரின் வாதநூல் என்று மட்டும் கொள்ளுதல் தகாது.

எராஸ்மஸின் வாதம்

எராஸ்மஸின் நூல் அளவில் சிறியது, நடையில் பணிவுடையது. திருமறையில் மறைபொருளாய் உள்ளவற்றைத் துணிந்து உறுதிப்படுத்துவதைவிட வணங்கி நிற்பதே நன்று என்று அவர் தொடங்குகிறார். நித்திய மீட்புக்கு நடத்துகின்றவற்றின்பால் மனிதன் தன்னைச் செலுத்திக்கொள்ளவோ, அவற்றினின்று விலகிப்போகவோ வல்ல ஆற்றலையே சித்தத்தின் சுயாதீனம் என அவர் வரையறுக்கிறார். தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய சீராக்கின் நூல் 15ஆம் அதிகாரத்தை முதற்சான்றாகக் காட்டி, உபாகமம் 30ஆம் அதிகாரத்தையும் தீர்க்கதரிசிகளின் அழைப்புகளையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இவை அனைத்திலும் அவர் காண்பது ஒன்றே: கடவுள் கட்டளையிடுகிறார் என்றால், கீழ்ப்படிய மனிதனுக்கு ஏதோ ஓர் ஆற்றல் இருத்தல் வேண்டும், இல்லையேல் கட்டளை ஏளனமாகும், தண்டனை அநீதியாகும்.

எனினும் எராஸ்மஸ் பெலாகியு அல்லர். மீட்பின் தொடக்கமும் முடிவும் கிருபைக்கே உரியவை. இடையில் மட்டும் சித்தத்திற்குச் சிறிது பங்கு உண்டு என்பதே அவர் நிலை. நடக்கத் தெரியாத குழந்தை விழுகிறது. தந்தை தூக்கி நிறுத்தி, தொலைவில் ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். கையைப் பிடித்து நடத்திச் சென்று, பழத்தையும் கொடுக்கிறார். குழந்தை தானாக எதையும் சாதித்துவிடவில்லை. ஆயினும் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. கடவுளின் நீதியைக் காக்க வேண்டும் என்னும் பக்தியுள்ள கவலை இவ்வுவமையில் தெரிகிறது. நாம் அதை மதிக்கிறோம்.

ஆயின் இவ்வாதம் எராஸ்மஸ் விரும்பிய எல்லையில் நிற்பதில்லை. கட்டளை ஆற்றலுக்குச் சான்று எனில், கட்டளை முழுமையாயிருப்பதால் ஆற்றலும் முழுமையாயிருத்தல் வேண்டும். கடவுளை முழு இருதயத்தோடும் அன்புகூர வேண்டும் என்பது கட்டளை. அப்படியாயின் முழு இருதயத்தோடு அன்புகூர மனிதனால் கிருபையின்றியே இயலும் என்று ஆகிவிடும். இது பெலாகியுவின் முடிவு. எராஸ்மஸ் மறுக்கும் முடிவு. கிருபையின்றிச் சித்தம் பயனற்றது என்று ஒப்புக்கொண்டாலோ, கட்டளையிலிருந்து ஆற்றலை அளந்தறியும் முறையே வீழ்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவரால் இயலவில்லை.

லூத்தரின் மறுமொழி

லூத்தர் அறைவது இவ்விடத்தில்தான். ஏவல் வாக்கியம் ஒன்றிலிருந்து ஆற்றலைப் பற்றிய கூற்றைப் பெற முடியாது என்று இலக்கண முறையிலேயே அவர் காட்டுகிறார். குழந்தை உவமை அவர் நூலிலும் உண்டு, பொருள்தான் வேறு. பெற்றோர் தம் சிறு குழந்தையை 'வா' என்று அழைப்பது, அதனால் வர இயலும் என்பதற்காக அன்று. தன் இயலாமையை உணர்ந்து பெற்றோரின் கைக்காக அது அழ வேண்டும் என்பதற்காகவே. நியாயப்பிரமாணம் பாவத்தை உணர்த்தும் என்று பவுலடியார் ரோமருக்கு எழுதியதை (ரோமர் 3:20) லூத்தர் இவ்வாறு விளக்குகிறார்.

லூத்தர் மனிதனை மரப்பாவை என்று சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. பாவி கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டுப் பாவம் செய்வதில்லை, விரும்பியே செய்கிறான். அவ்விருப்பத்தைத் தானே மாற்றிக்கொள்ள இயலாததே அடிமைத்தனம். மனித சித்தம் இரு சவாரிக்காரரிடையே நிற்கும் விலங்கு போன்றது, ஏறினவர் செலுத்தும் வழியே அது போகும் என்னும் உவமையின் கருத்தும் இதுவே. தனக்குக் கீழ்ப்பட்ட பொருள், உடைமை முதலியவற்றில் மனிதனுக்குத் தெரிவு உண்டு என்றும், கடவுளை நோக்கியதில் மட்டும் இல்லை என்றும் அவர் எல்லை வகுக்கிறார்.

நூலின் இறுதிப் பகுதியில் லூத்தரின் உள்ளம் வெளிப்படுகிறது. இயலுமானாலும் தம் மீட்பு தம் சித்தத்தின் கையில் ஒப்படைக்கப்படுவதைத் தாம் விரும்பமாட்டார் என்கிறார். எவ்வளவு செய்தாலும் 'இது போதுமா' என்னும் ஐயம் மனச்சாட்சியை விட்டு நீங்காதன்றோ? எராஸ்மஸ் நீதிபதியின் நீதியைப் பற்றி வினவுகிறார். லூத்தரோ குற்றவாளிக் கூண்டில் நின்று வினவுகிறார். இருவரும் ஒரே வினாவுக்கு இரு விடை கூறுவதாகக் கொள்வதால்தான் இந்நூல்கள் பலருக்கும் குழப்பம் தருகின்றன.

லூத்தர் நூலின் குறை

லூத்தரோடு நாம் உடன்படுவது இம்மட்டே. அவர் நூலில் இருவேறு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, பாவத்தால் சித்தம் அடிமைப்பட்டது என்பது. இரண்டாவது, கடவுள் யாவற்றையும் தவறின்றி முன்னறிந்து சித்தங்கொள்ளுவதால் எல்லாம் இன்றியமையாது நிகழ்கின்றன என்பது. முதல் வாதம் பவுலடியாருடையது. இரண்டாவது வாதமோ அளவுக்கு மிஞ்சி நிறுவிவிடுகிறது. படைப்பு யாவும் இவ்வாறு கட்டுண்டது எனில், வீழ்ச்சிக்கு முன் ஆதாமும் கட்டுண்டவனே. அப்போது அடிமைத்தனத்திற்குக் காரணம் பாவம் அன்று, படைப்பு என்றாகும். குமாரன் விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள் என்னும் வாக்குக்கும் (யோவான் 8:36) பொருளின்றிப் போகும்.

பார்வோனைக் குறித்த பகுதியில் இக்குறை வெளிப்படையாகிறது. யாத்திராகமம் 4:21, 7:3 ஆகிய இடங்களில் கடவுள் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துவதாக முன்னுரைக்கிறார்; 8:15, 32 ஆகிய இடங்களில் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான்; 9:12இல் ஆண்டவர் கடினப்படுத்துகிறார். எராஸ்மஸ் ஓரிகனைப் பின்பற்றி, ஒரே மழை ஒரு நிலத்தில் கனியையும் மற்றொன்றில் முள்ளையும் விளைவிப்பதுபோல என்று விளக்கி, கடவுளின் செயலை மெலிவிக்கிறார். லூத்தர், முடமான குதிரையைச் செலுத்துபவன்மேல் குற்றமில்லாதிருந்தும் குதிரை நொண்டியே ஓடும் என்கிறார். இது எராஸ்மஸின் விளக்கத்தைவிடத் திருமறைக்கு நெருங்கியதே. ஆனால் அக்குதிரையை ஏன் குணமாக்கவில்லை என்று கேட்டால், மறைந்திருக்கும் கடவுளின் ஆராய்ந்தறியக் கூடாத சித்தம் என்று அவர் விடையளிக்கிறார். பாவியின் மரணத்தை விரும்பாத கடவுள் (எசேக்கியேல் 18:23) அறிவிக்கப்பட்ட கடவுள். அவருக்குப் பின்னால் வேறொரு சித்தம் உண்டு என்றாகிறது. அப்படியாயின், நடுங்கும் மனச்சாட்சிக்கு லூத்தர் தேடிக்கொடுத்த நிச்சயம் எங்கே? எராஸ்மஸின் வாசல் வழியே வெளியேறிய ஐயம் மறுவாசல் வழியே உள்ளே வருகிறது.

இதை லூத்தரே உணர்ந்தார் என்று கொள்ள இடமுண்டு. பிற்காலத்து ஆதியாகம விரிவுரைகளில் 26ஆம் அதிகாரத்தை விளக்குகையில், தம் நூலைக் கொண்டு மறைவான சித்தத்தைத் துருவ வேண்டாம் என்றும், கிறிஸ்துவில் வெளிப்பட்ட கடவுளையே பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரித்தார். கிறிஸ்துவுக்குப் பின்னால் வேறொரு தீர்மானம் இல்லை என்று கார்ல் பார்த் 1942இல் தெரிந்துகொள்ளுதலைக் குறித்து எழுதிய நூற்பகுதி, இவ்வெச்சரிக்கையை அதன் இறுதிவரை கொண்டுசென்றது எனலாம்.

தமிழ்ச் செவியில்

இவ்வாதத்தைத் தமிழில் கற்பிக்கையில், வைணவ மரபின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமைகளைக் கையாள்வது வழக்கமாகிவிட்டது. ருடால்ஃப் ஓட்டோவும் 1930இல் இந்தியாவின் அருள் சமயத்தைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு எழுதினார். தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டி வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கும் உரியவை. எராஸ்மஸை முன்னதாகவும் லூத்தரைப் பின்னதாகவும் கொள்ளுவது எளிது; ஆனால் முற்றும் சரியன்று. பூனைக்குட்டி தாயைப் பகைப்பதில்லை; லூத்தர் காணும் மனிதனோ தன்னைத் தூக்க வரும் கையைக் கடிப்பவன். உவமையில் இயலாமை உண்டு, கலகம் இல்லை. அக்கலகத்திற்காகவே சிலுவை வேண்டியதாயிற்று.

மற்றோர் இடரும் உண்டு. 'இன்றியமையாமை' என்னும் சொல் நம் மக்களின் செவியில் தலையெழுத்தாகவே விழும். தலையெழுத்துக்கு முகம் இல்லை. அது எவரையும் அழைப்பதுமில்லை. கிருபைக்கோ முகம் உண்டு, பெயரும் உண்டு. இவ்வேறுபாட்டை விளக்காமல் லூத்தரைக் கற்பித்தால், ஏழையிடம் 'இது கடவுளின் சித்தம்' என்று கூறி அவன் கூலியைக் குறைப்பவனுக்கு நாம் துணைபோவோம். சாதி வேற்றுமையை விட மனம் இடம்கொடுக்கவில்லை என்று சொல்லும் சபையார், அதற்கு அடிமைப்பட்ட சித்தத்தைச் சாக்காகக் காட்ட இயலாது. லூத்தர் வகுத்த எல்லைப்படியே, அயலானுக்கு உரியதைக் கொடுப்பது தெரிவுக்கு உட்பட்டது, கொடாமை குற்றமே.

பிரசங்கிக்கும் முறை

அப்படியானால் நாம் எவ்வாறு பிரசங்கிக்க வேண்டும்? மனந்திரும்புங்கள் என்று அழைப்பதை விட்டுவிடுவதா? அன்று. பிலிப்பியருக்கு எழுதுகையில் (2:12, 13) பவுலடியார் கடவுளின் செயலையும் மனிதனின் செயலையும் பாதி பாதியாகப் பங்கிடவில்லை; கடவுள் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குவதையே மனிதன் முயல்வதற்குக் காரணமாகக் காட்டுகிறார். இருவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளை இழுப்பவர் அல்லர். ஒன்று மிகுந்தால் மற்றது குறையும் என்னும் கணக்கு இங்குச் செல்லாது. அழைப்புக்கு இணங்கும் ஆற்றலும் முந்திவரும் கிருபையின் கொடையே என்று வெஸ்லி வற்புறுத்தியதை, லூத்தரைப் பின்பற்றுவோரும் சிந்தித்தல் நன்று.

'விட வேண்டும் என்று தெரிகிறது, விடும் விருப்பமே வரவில்லை' என்று சொல்லும் குடிநோயாளியிடம், 'நீ மனம் வைத்தால் முடியும்' என்பது எராஸ்மஸின் பாதி வாதத்தை அவர்மேல் சுமத்துவதாகும். 'உன்னால் ஒன்றும் ஆகாது' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது லூத்தரின் பாதி வாதம். விருப்பத்தையும் தருகிறவர் அவர் அருகில் நிற்கிறார் என்று அறிவித்து, அவரோடு ஜெபித்து, மறுநாளும் அவர் வீட்டுக்குச் செல்லுதலே ஆயரின் கடமை. அறிவிக்கப்படும் வார்த்தை தகவல் அன்று. அது செயல்படும் வார்த்தை.

பிலிப்பி நகரின் ஆற்றங்கரையில் லீதியாள் பவுலின் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள் (அப். 16:14, 15). ஆண்டவர் அவள் இருதயத்தைத் திறந்தார் என்கிறார் லூக்கா. திறக்கப்பட்டவள் வாளாவிருக்கவில்லை, கவனித்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், தன் வீட்டையும் திறந்து அப்போஸ்தலரை வருந்தி அழைத்தாள். அவளுடைய இருதயத்தைத் திறந்தது யார் என்பதில் லூத்தர் சரி. திறந்த இருதயம் மெய்யாகவே அவளுடைய இருதயம் என்பதில் எராஸ்மஸின் கவலைக்கும் இடம் உண்டு. ஆற்றங்கரைக்குச் சென்று பேச வேண்டிய பொறுப்போ இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.