பூரிக்கட்டையும் புலவி நுணுக்கமும்

காந்திபுரம் பேருந்து நிலையம், மாலை நேரம். சத்தியமங்கலம் செல்லக் காத்து நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அருகே ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய அகவை. கைப்பேசியில் வந்த துணுக்கு ஒன்றை அவர் உரக்கப் படித்தார். மனைவி பூரிக்கட்டையை ஓங்குகிறாள். கணவன் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான். நாம் நூறு முறை படித்த அதே பழஞ்சரக்கு! படித்தவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆடவர் நால்வரும் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “ஏனுங்க, அந்தக் கட்டையில பூரி தேச்சது யாருன்னு அதுல போட்டிருக்குதுங்களா?”

ஒரு நொடி அமைதி. பிறகு எழுந்ததே ஒரு சிரிப்பு! அதில் எல்லாரையும் விஞ்சி ஒலித்தது, தோற்றுப்போன கணவரின் குரல்தான்.

அவர்கள் பேருந்தேறிச் சென்றுவிட்டனர். எனக்கோ கல்லூரியில் பயின்ற தொல்காப்பியம் நினைவில் எழுந்தது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்றார் அவர். எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்தார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று; பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுதல் மற்றொன்று. நம் துணுக்குகள் அறிந்தது முதல் பாதியை மட்டுமே. மறு பாதியைப் பேருந்து நிலையத்தில் நடத்திக் காட்டினர், ஏட்டிலக்கணம் கேளாத இருவர்!

“துணுக்கில் அடிபடுபவன் கணவன்தானே? தன்னைத்தானே எள்ளிக்கொள்கிறான், அதில் என்ன குற்றம்?” என்பர் சிலர். அவன் தன்னையா எள்ளுகிறான்? தன்னை அப்பாவியாக்கி, அவளை அரக்கியாக்குகிறான். 2005ஆம் ஆண்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க இந்த நாட்டில் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்ததே, அது பூரிக்கட்டைக்கு அஞ்சிய கணவர்களைக் காக்கவா? உண்மையில் ஓங்கும் கை ஒன்று. துணுக்கில் ஓங்கும் கை வேறொன்று. இந்த இடமாற்றமே அந்தச் சிரிப்பின் சூழ்ச்சி.

வள்ளுவர் காட்டும் நகை வேறு. புலவி நுணுக்கம் என்னும் 132ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எவரினும் உன்மேல் காதலுடையேன் என்கிறான் அவன்; எவரினும், எவரினும் என்று துருவுகிறாள் அவள். அவன் தும்முகிறான், வாழ்த்திய வாயாலேயே, உம்மை நினைத்தவள் யார் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த தும்மலை அடக்கிப் பார்க்கிறான். நினைப்பவளை மறைக்கிறீரோ என்கிறாள். பேசாமல் அவளையே நோக்கினால், என்னை யாரோடு ஒப்பிடுகிறீர் என்று வருகிறது கணை! தன் தோல்விகளை ஒவ்வொன்றாகச் சொல்பவன் கணவனே. அவள் வாய்க்குப் பூட்டில்லை. அவன் நெஞ்சில் நஞ்சில்லை. எனவேதான் அடுத்த அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர்.

மனைவிக்கு அஞ்சுவோனைப் பழிக்கும் பெண்வழிச்சேறலையும் இயற்றியவர் இதே வள்ளுவர்தான். அதை மறைப்பது திறனாய்வு ஆகாது. அறிவுரை கூறிய இடத்தில் காலத்துக்குக் கட்டுண்டவர், இருவரையும் பேசவிட்ட இடத்தில் காலத்தை வென்றார்.

இன்னொரு குறையும் உண்டு. வள்ளுவரின் ஊடல் இளமையின் ஊடல். பாவேந்தர் பாரதிதாசனோ குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதியில் முதியோர் காதலைப் பாடினார். உடலழகு போன பின்னும், அவள் இருக்கிறாள் என்பதே இன்பம் என்று கிழவரைச் சொல்ல வைத்தார். இளமைக்குக் குறள்; முதுமைக்குக் குடும்ப விளக்கு. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளுக்கு என்ன உண்டு? மகள் படிப்புக்குக் கடன், மகன் வேலைக்கு ஏக்கம், அவருக்குச் சர்க்கரை, அவருடைய துணைவிக்கு மூட்டுவலி, குழம்பில் உப்புக் குறைந்ததா கூடியதா என்ற முடிவிலா வழக்கு! வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் துணுக்கு எழுதுவோரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டோம்.

எவருமே முயலவில்லை என்று சொல்லமாட்டேன். வாழ்விலும் இணையராக இருந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் திரையில் வழி காட்டினர். அவர் சொல்லெறிந்தால் அம்மையார் சொல்லால் திருப்பி எறிவார். சிரிப்பு இருவருக்கும் பொதுவுடைமை. அந்த வழியில் நடக்க இன்று எழுதுகோல்கள் வேண்டும்.

எழுதுவோரே, உங்களுக்கு நான் வைக்கும் தேர்வு ஒன்றே. எழுதிய நகைச்சுவையை உங்கள் துணைவியாரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள். அதைப் படித்து நீங்களும் சிரிக்க முடிந்தால், அது நகைச்சுவை. முடியாவிட்டால், பூரிக்கட்டையை எடுங்கள்; ஓங்குவதற்கு அன்று, நாளைக் காலைப் பூரியை நீங்கள் தேய்ப்பதற்கு!