வளரி: கனத்தில் ஒளிந்த கலை

கையின் வீச்சு போதாதபோதெல்லாம் வேட்டைக்காரன் தடியைத் துணைக்கு அழைத்திருக்கிறான். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஈட்டியின் அடியைக் கொக்கியில் மாட்டி உந்தும் வூமெராவைச் செய்தார்கள். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களிடம் அதே வேலையைச் செய்தது அட்லாட்டில். இரண்டிலும் தடி கையிலேயே தங்கும், ஈட்டிதான் பறக்கும். நம் மறவர் சீமையிலும் கள்ளர் நாட்டிலும் தடியையே பறக்கவிட்டார்கள். அதுதான் வளரி.

வைரம் பாய்ந்த மரத்தில் பிறை வடிவில் செதுக்கியது, இரும்பிலும் உண்டு. கண்ணுக்கு முதலில் படுவது வளைவு. எனக்கோ அதன் கனப் பங்கீடுதான் தீராத வியப்பு. பிடிக்கும் முனை மெலிந்திருக்கும், மறுமுனை கனத்திருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றும்போது, தொலைவில் இருக்கும் கனமுனை கையைவிட வேகமாகச் சுழலும். வூமெராவின் நெம்பு விசையும் இதே சூத்திரம்தான். புதுச்சேரிக்கு அருகே பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் வீச்சுவலை எறிபவரைக் கவனியுங்கள்: அவர் கொடுப்பது ஒரு திருப்பம், ஓரத்து ஈயக் குண்டுகளின் கனம் வலையை விரித்துவிடுகிறது.

ஈட்டி ஒரு புள்ளியில்தான் பாயும். சுழன்று வரும் வளரிக்குத் தன் நீளம் முழுதும் அடி. புதரிலிருந்து பாயும் முயலுக்கும் படபடத்தெழும் காட்டுக்கோழிக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி ஏது!

1795 வாக்கில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர், சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது என்று கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சாட்சியம். 1801இல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

1909இல் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட நூலின்படி, அதற்குள் புதுக்கோட்டையில் வளரி வல்லவர்கள் அருகிவிட்டார்கள். பூசையறையில் கிடந்த வளரி, ஆயுதபூசையன்று துலக்கப்பட்டு மறுபடி உள்ளே போனது. தஞ்சை ஆயுதசாலையிலிருந்த யானைத்தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியது; அது சரியே. வாழைத்தண்டை இலக்காக நட்டுப் பழக எந்தத் தடையும் இல்லை. சிலம்ப ஆசான்களே, உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு வளரியைக் கொடுங்கள். எறிந்து பழகினால்தான் இந்தக் கலை நிலைக்கும்.