விட்டுப் போனதும் திரும்பி வந்ததும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல் முன்கித் மினழ் ழலால்’ நூலை எங்கட மேடைகளில் பெரும்பாலும் ஒரு துறவுக் கதையாகத்தான் சொல்கிறார்கள். பெரிய பதவியைத் தூக்கி எறிந்தார், ஸூபியானார், அவ்வளவுதான். சில பேர் இன்னும் ஒருபடி மேலே போய், கூடப் படித்தால் ஈமான் குறைந்துவிடும் என்பதற்கும் இதே நூலைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

1091இல் பக்தாத் நிளாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியப் பொறுப்பேற்றவர் அவர். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு நேரத்தில், ஆசிரியர் துணையின்றி, இரண்டு வருடத்துக்குள் தத்துவங்களைக் கற்று முடித்ததாக எழுதுகிறார். கணிதத்தையும் கிரகணக் கணிப்பையும் மார்க்கத்தின் பெயரால் மறுப்போரை, அறிவில்லாமல் இஸ்லாத்துக்கு நட்புச் செய்பவர்கள் என்று கண்டிக்கிறார். மூளையைப் பழிக்க வந்தவர் இப்படி எழுதுவாரா?

அவர் கூண்டில் ஏற்றுவது அறிவை அல்ல, நிய்யத்தை. தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, பெயருக்கும் புகழுக்கும்தான் என்று தெரிந்தபின் ஆறு மாதம் தடுமாறுகிறார். நாக்குக் கட்டுண்டு பாடம் நின்றுபோகிறது. உணவு இறங்கவில்லை. வைத்தியர்களும் கைவிடுகிறார்கள். 1095இல், மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஷாமை மனதில் வைத்துப் புறப்படுகிறார். ‘தஹாபுதுல் பலாஸிபா’வை எழுதி முடித்ததும் அந்தக் காலத்தில்தான். புத்தி உச்சத்தில் இருந்தபோதே அது அவரைக் காப்பாற்றவில்லை.

ஆனால் என் பார்வையில், நூலின் உயிர் புறப்பாட்டில் இல்லை, திரும்புதலில் இருக்கிறது. 1106இல் நிஷாபூரில் மறுபடியும் கற்பிக்க வருகிறார். முன்பு புகழைத் தேடித் தரும் அறிவைப் பரப்பினேன், இப்போது புகழை விடச் செய்யும் அறிவுக்கு அழைக்கிறேன், ஆகவே இது பழைய இடத்துக்குத் திரும்புதல் அல்ல என்பது அவரது விளக்கம்.

இதை அப்படியே ஏற்கலாமா? அழைத்தது ஆட்சியாளரின் கட்டளை. நிய்யத் மாறியதற்குச் சாட்சியும் அவரே. 1092இல் நிளாமுல் முல்க் கொல்லப்பட்டபின் எழுந்த அரசியல் அச்சமே பக்தாதை விட்டதற்குக் காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. இந்த ஐயங்களை நூல் முழுதாகத் தீர்ப்பதில்லை. ஆனால் மக்காவென்று சொல்லி மறைத்ததை மறைக்காமல் எழுதுகிறார். திரும்பியபின்னும், இலக்கை அடைவேனா, அதற்குமுன் அறுபட்டுப்போவேனா தெரியாது என்கிறார். தன்னைத் தூயவனாகக் காட்ட எழுதுபவர் இந்த இரண்டு இடத்தையும் விட்டுவிடுவார். அவர் பேச்சை நான் நம்புவது இதனால்தான்.

எங்கட ஆய்வுலகத்தில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. மற்றவர் தேடியெடுத்த தகவலைப் பெயர் சொல்லாமல் எடுத்தாள்வதும், வாசிக்காத நூலுக்கு வெளியீட்டு விழாவில் மதிப்புரை வழங்குவதும் அந்தக் கெட்டித்தனத்தாலேயே நடக்கிறது. ‘முன்கித்’தை மேடையில் புகழ்வோர், யாருக்காக இதை எழுதுகிறேன் என்ற அதன் கேள்வியைத் தம் அடுத்த கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருதரம் கேட்டுப் பார்க்கட்டும்.