பாவ அறிக்கை யாருக்கு? – மார்மன் சபை பற்றி முன்னாள் உறுப்பினர் ஒருவரின் மதிப்பீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனேக்கல் பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சட்டையும் டையுமாகப் பெங்களூரு வண்டிக்குக் காத்து நின்றவன் நான். தெரிந்த தறிக்காரர்கள், "என்னா தம்பி, ஆபீசுக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு இல்லியா?" என்று கேட்பார்கள். சபைக்குப் போகிறேன் என்பேன். எந்தச் சபை என்று கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி வந்துவிடும்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து பட்டுத்தறிக்காக ஆனேக்கல் வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் அரைகுறை ஆங்கிலம். எங்கும் முழுதாக ஒட்டாத அந்த வயதில், 2001-ல், மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றேன். அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா நோயுற்றபோது முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை. 2023-ல் விலகியதற்குக் காரணம் என் சபையார் அல்லர். சபையின் தலைமை தன் தவறுகளைக் கையாண்ட விதம். ஒரு சமயத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் அளவுகோலை அதற்கே வைத்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

சபையின் வரலாறு

'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதே இதன் முழுப்பெயர். மார்மன் என்ற செல்லப்பெயரைத் தவிர்க்குமாறு 2018-ல் தலைமை கேட்டுக்கொண்டது. ஊரறிந்த பெயர் என்பதால் இங்கு அதையே ஆள்கிறேன். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். 1844-ல் அவர் கொல்லப்பட்டார். பிரிகாம் யங் தலைமையில் 1847-ல் உட்டா சென்ற மக்கள் சால்ட் லேக் நகரைக் கட்டினர்.

தமிழ் மண்ணுக்கு இச்சபை புதிதன்று. ரிச்சர்ட் பாலன்டைன் முதலிய ஊழியர்கள் 1853-லேயே சென்னைக்கு வந்து, அதிகப் பலனின்றித் திரும்பினர். கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் 1965-ல் ஞானஸ்நானம் பெற்று, தமிழரிடையே இதைப் பரப்ப உழைத்தார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பிரிவு 1993-ல் ஏற்பட்டது. இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் பெங்களூரில் எழும் என்று 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் பணி தொடங்கியது. அந்த அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

என்னிடம் கேட்ட கேள்விகள்

அந்த ஆலயத்துக்குள் எல்லோரும் நுழைந்துவிட முடியாது. சிபாரிசுச் சீட்டு வேண்டும். அதற்கான நேர்காணலில், தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, முழுமையாகக் கொடுக்கிறாயா, நடத்தையில் நேர்மையாக இருக்கிறாயா, அறிக்கையிட்டுத் தீர்க்க வேண்டிய பெரும்பாவம் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். நல்ல கேள்விகளே. தவறு செய்தவன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வருந்த வேண்டும், ஈடு செய்ய வேண்டும் என்பது சபையின் போதனை. அதே கேள்விகளைச் சபையிடம் திருப்பிக் கேட்டால் என்ன பதில் வருகிறது?

சபை சொன்ன பதில்கள்

முதலாவது, நிறம். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று 1852-ல் பிரிகாம் யங் அறிவித்தார். அந்தத் தடை 1978 ஜூனில்தான் நீங்கியது. அதற்குச் சொல்லிவந்த விளக்கங்களைச் சபை 2013-ல் ஒரு கட்டுரை வழியாகக் கைவிட்டது. ஆனால் தடையே தவறு என்றோ, அதற்காக மன்னிக்க வேண்டும் என்றோ அக்கட்டுரை சொல்லவில்லை. கறுத்த தோலைச் சாபத்தோடு இணைக்கும் பகுதி மார்மன் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. எங்கள் நிறத்தில் இருந்துகொண்டு அதைச் சத்தமாக வாசித்தவன் நான்.

இரண்டாவது, நிறுவனரின் வாழ்வு. ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்ததையும், அவர்களில் ஒருத்தி பதினைந்து வயது நிரம்பாதவள் என்பதையும் சபை 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. வரலாற்றாசிரியர்கள் பல காலமாக எழுதிவந்ததுதான் இது. ஞாயிறு வகுப்பில் நான் படித்த ஸ்மித்துக்கு எம்மா என்ற ஒரே மனைவிதான்.

மூன்றாவது, பணம். சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக் அட்வைசர்ஸ், 13 பெயரளவு நிறுவனங்களின் வழியே தன் பங்குகளைக் கணக்குக் காட்டி, அவை யாருடையவை என்பதை மறைத்தது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. 2018-ல் அந்தப் பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ 3,200 கோடி டாலர். நிறுவனத்துக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் விதித்தார்கள். பணம் களவு போனதாக ஆணையம் சொல்லவில்லை. மறைத்ததையே குற்றமாகக் கண்டது. நேர்ந்த தவறுகளுக்கு வருந்துவதாகவும் விஷயம் முடிந்துவிட்டதாகவும் சபை அறிக்கை விட்டது. ஓர் உறுப்பினன் நேர்காணலில், 'வருந்துகிறேன், இத்தோடு முடிந்தது' என்று எழுந்து போக முடியுமா?

சபைக்கு மன்னிப்புக் கேட்கவே தெரியாது என்பதன்று. யூத இனப்படுகொலைக் குற்றவாளிகளைத் தேடிப்பிடித்த சைமன் விசெந்தாலின் பெற்றோருக்கு, அவர்கள் இறந்தபின் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் செய்தது 2012-ல் வெளிப்பட்டபோது, சபை வருத்தம் தெரிவித்தது. ஆனால் அதை ஒரு தனி உறுப்பினரின் செயல் என்றது. தவறு கீழே இருப்பவனுடையது என்றால் மன்னிப்பு வருகிறது. மேலிருந்து வந்தது என்றால் 'புதிய வெளிப்பாடு' வருகிறது. சபை மன்னிப்பைக் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று 2015-ல் கூறியவர் டாலின் ஓக்ஸ். 2025 அக்டோபரில் அவரே சபையின் தலைவரானார்.

'எந்தச் சமயத்துக்குத்தான் கறை இல்லை?' என்று நண்பர்கள் வாதிடுவார்கள். உண்மைதான். நம் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உண்டு. கறை இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடைசி மனிதனிடம் அறிக்கை கேட்கும் அமைப்பு, தான் அறிக்கையிட மறுப்பதையே குறை என்கிறேன்.

என் அறிக்கை

இவ்வளவு எழுதியபின் என் கணக்கையும் சொல்ல வேண்டும். 2014-ல் என் தாய்வழித் தாத்தாவின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் பதிந்து, ஆலயத்தில் அவருக்காக ஞானஸ்நானம் செய்யக் கொடுத்துவிட்டேன். தை அமாவாசைக்குத் தவறாமல் படையல் போட்டு நாங்கள் கும்பிடுகிறவர் அவர். 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது சபையின் விதி. நான் கேட்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

விலகிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏண்டா, தாத்தாவைக் கேட்டியா?"

"செத்தவரை எப்படிம்மா கேக்கறது?"

"அப்ப என்னையாவது கேட்டிருக்கலாமில்ல. நான் உசுரோடதானே இருக்கேன்?"

இறந்தவரின் ஆவி ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்ற போதனையை எடுத்துச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அந்த அமாவாசைக்கு இலை போடும்போது, "நீயே தண்ணி தெளிடா" என்றார்.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ புதிய சபைக்கோ ஆசிரமத்துக்கோ இயக்கத்துக்கோ போவதாகச் சொன்னால் உடனே திட்டாதீர்கள். வீட்டிலும் தெருவிலும் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார வைத்து ஒன்று மட்டும் கேளுங்கள்: "அவங்க கடைசியா எப்பப்பா தங்களோட தப்பைத் தாங்களே ஒத்துக்கிட்டாங்க?" பதில் தெரியவில்லை என்றால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கேள்வியை நம் வீட்டிலும் நம் சங்கத்திலும் பிள்ளைகள் நம்மிடம் திருப்பிக் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருப்போம்.